18 குழிகளும் ஒரு பந்தல் ஏணியும்

ஆடி மாதம் கல்யாண போட்டோகிராபருக்குக் காய்ந்த மாதம். முகூர்த்தம் கிடையாது, மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும், பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு வருகிறவர்களை நம்பித்தான் ஸ்டுடியோவில் டீச் செலவே ஓடும். அப்படி ஓர் ஆடியில்தான் குடியாத்தத்திலிருந்து போன் வந்தது. வைகாசியில் நான் எடுத்த ஒரு கல்யாணத்தில் பெண்ணுக்குத் தாய்மாமா. ஏலகிரியில் எடுத்த அவுட்டோர் படங்களில் ஜோடியைவிடப் பின்னால் இருந்த மலை நன்றாக விழுந்திருந்ததாம். (பாராட்டா திட்டா என்று இன்றுவரை கேட்கவில்லை.) ஓசூர் தாண்டி ஒரு கோல்ஃப் மைதானத்தில், அவர் பாஷையில் கோல்ஃப் கோர்ஸில், அவருக்கும் பங்கு உண்டு, 18 குழிகள், குழிக்கு ஒரு படம், கிளப் கட்டடத்து நடையில் வரிசையாக மாட்டப் போகிறோம், முடியுமா தம்பி என்றார். முடியும் சார் என்றேன். ஆடியில் எதைக் கேட்டாலும் முடியும் என்றுதான் சொல்வேன்.

கோல்ஃப் மைதானத்தை அதுவரை டிவியில் சேனல் மாற்றும்போது மட்டும்தான் பார்த்திருக்கிறேன். பெரிய புல்வெளி, நடுவில் ஒரு கொடி, அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டு காட்பாடியிலிருந்து வேனைக் கிளப்பி, ஆம்பூரில் நிறுத்திச் சாப்பிட்டு, வாணியம்பாடி, கிருஷ்ணகிரி என்று மெதுவாகப் போய்ச் சேர்ந்தபோது மணி 10 தாண்டிவிட்டது. 24 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டினேன், இயற்கைக் காட்சி என்றால் வைடு லென்ஸ் என்பதுதான் எனக்குத் தெரிந்த இலக்கணம். மாலை 4 மணிக்குள் 18 குழிகளையும் முடித்துவிட்டு, எங்கள் ஊர்க்காரன் வேகம் பார்த்தீர்களா என்ற நினைப்பில் லேப்டாப்பை அவர் முன்னால் திருப்பினேன்.

அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மேலே நீலம், கீழே பச்சை, நடுவில் ஒரு கோடு. அடுத்தது, மேலே நீலம், கீழே பச்சை. பத்தாவது படத்தில் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "தம்பி, புல்லு நல்லா வந்திருக்கு. என் கோர்ஸ் எங்க?"

கோபமாகக்கூட இல்லை, நிஜமாகத் தேடுகிற குரலில் கேட்டார். அதனால்தான் இன்னும் உறைத்தது. திரும்பி வரும் வழியெல்லாம் உதவிக்கு வந்த பையன் வாயைத் திறக்கவில்லை. வாணியம்பாடி வந்ததும் மட்டும், "அண்ணா, நேர்ல மேடு பள்ளமா இருந்துச்சே, போட்டோல ஏன் பாய் விரிச்ச மாதிரி கீது?" என்றான். என் தொழில் வாழ்க்கையில் யாரும் கேட்ட நல்ல கேள்வி அதுதான், அப்போது அவனை முறைத்தேன்.

கோல்ஃப் ஆடாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், எனக்கும் இது அப்புறம்தான் தெரிந்தது. குழி என்பது இரண்டு பொருளில் புழங்கும் சொல். பந்து விழும் அந்த 108 மில்லிமீட்டர் அகலத் துளையும் குழிதான், பந்தை அடிக்கத் தொடங்கும் டீயிலிருந்து அந்தத் துளைவரை 150 மீட்டரோ 500 மீட்டரோ நீளும் முழு நிலத்துண்டும் குழிதான். நடுவில் ஒட்ட வெட்டிய புல்பாதை ஃபேர்வே, அதன் இரு பக்கமும் வளரவிட்ட புல் ரஃப், மணல் பள்ளங்கள் பங்கர், கடைசியில் கம்பளம்போல வெட்டிய மேடை கிரீன். ஒரு குழியைப் படம் எடுக்க வேண்டும் என்றால் டீயில் நிற்கிறவன் மனதில் ஓடுகிற கணக்கு முழுவதும் படத்தில் இருக்க வேண்டும்: எங்கே அடிப்பது, எங்கே விழுந்தால் வம்பு, கொடிக்குப் பக்கத்தில் நிலம் எந்தப் பக்கம் சாய்கிறது. என் படங்களில் இருந்தது புல் மட்டும். நிலம் இல்லை.

மறுநாள் சும்மா பார்க்கவாவது விடுங்கள் என்று கேட்டுக்கொண்டு கேமரா இல்லாமல் மீண்டும் போனேன். கூட நடக்க ஒரு கேடியை, அதாவது ஆடுகிறவர்களின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கிறவரை, அனுப்பினார்கள். அறுபது வயதிருக்கும், பூர்வீகம் திருப்பத்தூர்ப் பக்கம், பிழைப்புக்காக மேலே ஏறி வந்து முப்பது வருஷமாகப் பை தூக்குகிறார். வேலூர் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. ஐந்தாவது கிரீனில் நின்று, இது சமமாகத்தானே இருக்கிறது என்று கேட்டேன். சிரித்தார். "குடத்துத் தண்ணிய இங்க கவுத்துட்டா எந்தப் பக்கம் ஓடும் சார்? அத்த பாருங்க. பந்தும் அங்கதான் ஓடும்."

எனக்கு உடனே தாத்தா ஞாபகம் வந்தது. அவருக்குக் காவேரிப்பாக்கம் ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. பல்லவர் காலத்து ஏரி, கரைமேல் ஏறி நின்றால் எதிர்க்கரை தெரியாது. சின்ன வயதில் அவரோடு வரப்பில் நடக்கும்போது எனக்கு எல்லாக் கழனியும் தட்டையாகத்தான் தெரியும், அவருக்கு மட்டும் எந்த மடையைத் திறந்தால் எந்த மூலைக்குத் தண்ணீர் கடைசியாகப் போகும் என்று தெரியும். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கண்ணைத் தரையோடு தரையாக வைத்துப் பார்ப்பார். உச்சி வெயிலில் அவர் நிலத்தைப் பார்த்து நான் கண்டதே இல்லை. அந்தக் கேடியும் அப்படித்தான் குத்துக்காலிட்டார். நான் மட்டும்தான் பகல் 12 மணிக்கு நின்றுகொண்டு வைடு லென்ஸில் பார்த்திருக்கிறேன்.

வெயில் தலைக்குமேல் இருந்தால் மேட்டுக்கு நிழல் கிடையாது. கேமராவுக்கு மேடு தெரிவது நிழலால்தான். ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் இருட்டு, இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் நடுவில் ஒரு முதுகு இருப்பது தெரியும். நம் இரண்டு கண்ணும் நேரில் ஆழத்தைக் கணக்குப் போட்டுவிடும், கேமராவுக்கு ஒற்றைக் கண். கல்யாண மண்டபத்தில் இதெல்லாம் எனக்கு அத்துப்படி. பெண்ணின் மூக்கும் தாடையும் எடுப்பாகத் தெரிய லைட்டைப் பக்கவாட்டில் வைப்போமே தவிர நேர் மேலே வைக்க மாட்டோம். முகத்துக்குச் செய்வதை நிலத்துக்கும் செய்ய வேண்டும் என்று தோன்றாமல் போனதற்குக் காரணம், நிலத்தை எனக்குப் பின்னணியாக மட்டுமே பழக்கம்.

சரி, சூரியனை ஸ்டாண்டில் மாட்ட முடியாது. அதனால் அதன் கணக்கைப் படித்தேன். இணையத்தில் இந்த விஷயம் எழுதுகிறவர்கள் எல்லோரும், விடியலிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்திருக்கும் 'பொன்னான ஒரு மணி நேரம்' என்று ஒன்றைச் சொல்கிறார்கள். அது அவர்கள் ஊர்க் கணக்கு. நாம் இருப்பது 13 டிகிரி வடக்கில், இங்கே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறும். மார்ச், செப்டம்பர் மாதங்களில் அடிவானத்திலிருந்து 10 டிகிரி உயரத்தைத் தொட நம் ஊரில் 40 நிமிடம் போதும். கோல்ஃபுக்குத் தாய்வீடான ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் 56 டிகிரி வடக்கில் இருக்கிறது, அங்கே அதே தூரத்துக்கு 70 நிமிடத்துக்குமேல் ஆகும், கோடையில் இன்னும் மெதுவாக ஏறும். அங்கேயுள்ள பழைய மைதானத்தில் அலையலையாக நிலம் புரளும் படங்கள் பெரும்பாலும் அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்தவை. நடுப்பகல் படங்களைத் தேடிப் பாருங்கள், கோடையில் வற்றிய நம் ஏரிக்குள் நின்று எடுத்தது மாதிரி இருக்கும். உலகத்திலேயே பேர்பெற்ற மைதானத்துக்கே அந்தக் கதி என்றதும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. (கோல்ஃபுக்கு 18 குழி என்ற கணக்கும் அந்த ஊரிலிருந்து வந்ததுதான். 22 ஆக இருந்ததை 1764இல் 18 ஆகக் குறைத்தார்கள். 22 ஆகவே விட்டிருந்தால் எனக்கு இன்னும் நாலு படத்துக்குக் காசு வந்திருக்கும்.)

இன்னொன்றும் தெரிந்தது. வேலூரும் ஓசூர், பெங்களூருப் பக்கமும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை. வேலூரில் சூரியன் உதித்து 6 நிமிடத்தில் பெங்களூரில் உதிக்கும், மற்றபடி ஏறும் கோணம், நிழல் நீளம் எல்லாம் ஒன்றுதான். அப்படியென்றால் பழகிப் பார்க்க ஓசூர் வரைக்கும் டீசல் போட வேண்டியதில்லை. வாசலிலேயே பாலாறு இருக்கிறது.

எங்கள் ஊரைக் கிண்டல் செய்ய ஒரு பழைய பட்டியல் உண்டு: நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லாக் கோட்டை, சாமி இல்லாக் கோயில். கடைசியது இப்போது செல்லாது, கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981இல் மறுபடி சாமியை வைத்துவிட்டார்கள். முதலாவதும் 2021 நவம்பரில் செல்லாமல் போனது, கரை தொட்டுக்கொண்டு ஓடிய பாலாற்றைப் பார்க்க மொத்த ஊரும் பாலத்தில் நின்றது. ஆனால் பெரும்பாலான வருஷங்களில் பெரும்பாலான மாதங்கள் அது மணல்தான். விருதம்பட்டுப் பக்கம் விடியற்காலையில் இறங்கினால் நாணல் திட்டுகள், தண்ணீர் ஓடிய தடம் மணலில் விட்டுப்போன வரிகள், மணல் அள்ளிய பள்ளங்கள். அந்தப் பள்ளங்களைப் பார்த்தபோது வயிற்றெரிச்சலோடு ஒரு சந்தோஷமும் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஒரு பக்கம் செங்குத்தாக இடிந்த விளிம்பு, மறுபக்கம் சரிந்து இறங்கும் மணல், விளிம்பில் தொங்கும் புல். அச்சு அசலாகப் பங்கர். ஸ்காட்லாந்துக் கடற்கரையில் காற்றுக்கு ஒதுங்கி ஆடுகள் குடைந்த பள்ளங்கள்தான் முதல் பங்கர்கள் என்று சொல்வார்கள். இங்கே ஆடு செய்யவில்லை, டிராக்டர் செய்தது.

ஆவணி முழுக்க முகூர்த்தம் இல்லாத நாளெல்லாம் அங்கே போனேன். வீட்டில், இந்த மனுஷன் விடிவதற்குள் ஆற்றுக்கு எதற்குப் போகிறார் என்று பக்கத்து வீட்டு அக்கா விசாரிக்கும் அளவுக்குப் போய்விட்டது. அங்கே கற்றது நிறைய. பள்ளத்தை அதன் சரிவுப் பக்கத்திலிருந்து, அதாவது திறந்த வாய்ப் பக்கத்திலிருந்து பார்த்தால் மணல் முழுக்கத் தெரிகிறது, விளிம்புக்குப் பின்னால் போய் நின்றால் பள்ளமே காணாமல் போகிறது. வெளிச்சம் நேர் பின்னாலிருந்து வந்தால் மணல் சுண்ணாம்பு அடித்த சுவர். பக்கத்திலிருந்து வந்தால் ஒவ்வொரு வரியும் எழுந்து நிற்கிறது. எதிரிலிருந்து வந்தால் விளிம்புப் புல் பற்றி எரிகிற மாதிரி மினுங்குகிறது, ஆனால் பள்ளத்துக்குள் இருட்டு. மணலின் வெண்மையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் கேமராவில் வெளிச்ச அளவைக் கொஞ்சம் இறக்கி எடுத்து, புல்லை அப்புறம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ள வேண்டும். பட்டு வேட்டி கட்டிய மாப்பிள்ளைக்கும் கறுப்புக் கோட்டுப் போட்ட மாமனாருக்கும் இடையில் தினமும் செய்கிற பஞ்சாயத்துதான் இது.

பங்கர் பின்னாலிருந்து மறைவது தற்செயல் இல்லை என்று பிறகு தெரிந்தது. மைதானங்களை வடிவமைத்தவர்களில் அலிஸ்டர் மெக்கன்சி என்று ஒரு பெரிய ஆள். படித்தது மருத்துவம். (டாக்டர்கள் நிறைந்த ஊர்க்காரன் என்பதால் இந்த இடத்தில் எனக்குத் தனிப் பாசம்.) தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் ராணுவ டாக்டராக இருந்தபோது போயர்கள் நிலத்தோடு நிலமாகப் பதுங்குகுழிகளை மறைத்து வைத்த லாகவத்தைக் கவனித்தவர், பிற்பாடு உருமறைப்புக் கலையையும் கோல்ஃப் மைதானத்தையும் ஒரே கண்ணால் பார்த்தார். கலிஃபோர்னியாவில் 1928இல் திறந்த சைப்ரஸ் பாயின்ட்டும், கோல்ஃப் வீரர் பாபி ஜோன்ஸோடு சேர்ந்து ஜார்ஜியாவில் உருவாக்கிய அகஸ்டா நேஷனலும் அவர் கைவேலை. சைப்ரஸ் பாயின்ட்டில் பங்கர் விளிம்புகளைப் பின்னால் தெரியும் மணல்மேடுகளின் கோட்டோடு இழைத்திருப்பார். எது கடவுள் போட்டது எது மனுஷன் போட்டது என்று சொல்ல முடியாது. டீயில் நிற்கிறவனைப் பயமுறுத்தவோ ஏமாற்றவோ ஓர் இடத்திலிருந்து பார்க்கும்படி வரைந்த சித்திரம் அது. இதைப் படித்ததும் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது: நான் புதிதாக ஃபிரேம் வைக்கப் போவதில்லை. ஏற்கெனவே ஒருவர் மண்ணில் ஃபிரேம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார், அவர் எங்கே நின்று பார்த்தார் என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

அப்படிக் கண்டுபிடித்தால் போதும் என்று அதோடு நிறுத்தியிருந்தால் இரண்டாம் தடவையும் அடி வாங்கியிருப்பேன். ஏனென்றால் டீயில் நின்று பார்க்கிற மனுஷனுக்கு மூளை இருக்கிறது, தூரத்துக் கொடியைப் பெரிதாக்கிக் காட்டும். லென்ஸுக்கு அந்த மூளை இல்லை. கொடிக்கம்பு 7 அடி, அதாவது 2 மீட்டர் சொச்சம். 150 மீட்டர் தள்ளி நின்று 24 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்தால் படத்தின் உயரத்தில் நூற்றில் ஒன்றரைப் பங்குகூட வராது. என் முதல் 18 படங்களிலும் கொடி எங்கே என்று கொசுவைத் தேடுவதுபோலத் தேட வேண்டியிருந்தது இதனால்தான். அதே இடத்தில் தூரத்தைப் பக்கத்தில் இழுத்துக் காட்டும் 135 மில்லிமீட்டர் வைத்தால் நூற்றில் 8 பங்கு. பின்னால் இருக்கிற மலையும் மரமும் முன்னுக்கு வந்து கிரீனுக்குச் சுவர்போல நிற்கும், மடிப்பு மடிப்பாக இருக்கும் ஃபேர்வே பாவாடைக் கொசுவம் மாதிரி அடுக்கடுக்காகச் சேர்ந்து தெரியும். மேடையில் தாலி கட்டும் நேரத்தில் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து எடுக்கும் அதே 70-200 லென்ஸ்தான். இத்தனை வருஷமாகத் தோளில் தொங்கியது, இயற்கைக் காட்சிக்கு அது ஆகாது என்று யாரோ எப்போதோ சொன்னதை நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் உயரம். இதற்கு நான் புத்தகம் எதுவும் படிக்கவில்லை, பந்தல் போடுகிறவர்கள் சொல்லிக் கொடுத்தது. தரையில் நின்று பார்த்தால் 60 மீட்டர் தள்ளியிருக்கும் கிரீன் ஒரு கோடு. கண்மட்டம் ஏற ஏறக் கோடு தடிக்கும், ஒன்றரை மீட்டர் உயரத்துக்குப் பதில் நாலரை மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு தடிமன். கிரீன் அப்போதுதான் கோடாக இல்லாமல் இடமாகத் தெரிகிறது, எங்கே குழிவு எங்கே முதுகு என்று கண் ஓடுகிறது. அதனால் காட்பாடியில் பந்தல் போடும் ஒரு நண்பரிடம் 10 அடி அலுமினிய ஏணியை வாடகை பேசாமல் வாங்கி வேன் மேல் கட்டிக்கொண்டேன். மைதானத்து வாசலில் காவலுக்கு நின்றவர், உள்ளே விசேஷமா என்று கேட்டார்.

ட்ரோன் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, கல்யாணத்துக்கு வைத்திருக்கும் 250 கிராமுக்கு உட்பட்ட குட்டி. உயரப் பறக்கவிட்டால் மைதானம் சர்வே எண் போடாத புலப்படம் மாதிரி ஆகிவிடும், மேடு பள்ளம் மறுபடி காணாமல் போகும். 8, 10 மீட்டர் உயரத்தில் நிறுத்தினால் அழகு. அவ்வளவு உயரம் வராவிட்டாலும் எனக்கு ஏணியே போதும், ஏணிக்கு பேட்டரி தீராது, பறவை துரத்தாது.

புரட்டாசியில் போனேன். எங்கள் பக்கம் பலர் புரட்டாசியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், எனக்கு அது வசதி, சூரியனும் அப்போது நேர் கிழக்கில் உதிக்கும். முந்தின நாளே பேப்பரில் 18 குழிகளையும் வரைந்து, எது எந்தத் திசையில் ஓடுகிறது, காலையா மாலையா என்று குறித்துக்கொண்டேன். வடக்கு தெற்காக ஓடும் குழிகளுக்குக் காலையிலும் மாலையிலும் பக்க வெளிச்சம் கிடைக்கும், வரப்பிரசாதம். கிழக்கு மேற்காக ஓடுபவைதான் தொல்லை. நல்ல வடிவமைப்பாளர்கள் முதல் குழியைக் கிழக்கே பார்த்தும் கடைசிக் குழியை மேற்கே பார்த்தும் வைக்காமல் தவிர்ப்பார்கள், காலையில் தொடங்குகிறவன் கண்ணிலும் மாலையில் முடிக்கிறவன் கண்ணிலும் வெயில் அடிக்கக் கூடாது என்று. மண்ணை வரைந்தவர் மேல் அப்போதெல்லாம் மரியாதை கூடிக்கொண்டே போகும்.

ஆக ஒரு விடியலுக்கு இரண்டு குழி, ஓடினால் மூன்று. 40 நிமிடத்தில் ஏணியை வைத்து, ஏறி, எடுத்து, இறங்கி, அடுத்த குழிக்கு மின்வண்டியில் பறந்து, மறுபடி ஏணி. பையன் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, தாலி கட்டற நேரம்கூட இவ்ளோ டென்ஷன் ஆவ மாட்ட நீ" என்றான். உண்மைதான், தாலியாவது ஐயரிடம் கொஞ்சம் நிறுத்தச் சொல்லலாம்.

ஒரு தகராறு பனித்துளியால் வந்தது. விடியலில் புல்லெல்லாம் வெள்ளி பூசின மாதிரி இருக்கும், யாரும் மிதிக்காத வரை. புல் வெட்டுகிறவர்கள் ஆட்டக்காரர்களுக்கு முன்னால் இறங்கிவிடுவார்கள், கிரீனை 3 மில்லிமீட்டர் சொச்சத்துக்கு வெட்டும் மெஷின் அவர்களுடையது, அதில் ஒரு நாள் தவறினாலும் ஆடுகிறவர்கள் கத்துவார்கள். அவர்கள் நடந்த கால்தடம் பனியில் கறுப்பாக விழுந்துவிடும். முதல் நாள் இதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் அவர்களே எனக்கு உதவினார்கள், வெட்டிவிட்டுப் போன பட்டைகளில் புல் சாய்ந்திருக்கும் திசையால் ஒன்று வெளுப்பு ஒன்று கருப்பு என்று கோடு கோடாக விழும், என்னை விட்டு விலகிச் சாய்ந்த பட்டை வெளிர்ப்பச்சை, என்னை நோக்கிச் சாய்ந்தது கரும்பச்சை. அந்தக் கோடுகள் மேட்டின்மேல் ஏறி இறங்குவதைப் பார்த்தால் நிழல்கூட வேண்டாம், நிலத்தின் வளைவு தானாகத் தெரிந்துவிடும், புடவைக் கட்டம் உடம்பைக் காட்டுகிற மாதிரி. 7ஆம் குழிக்கு அப்படித்தான் கிடைத்தது. மெஷின் ஓட்டினவரிடம் நாளைக்கு 11ஆம் குழியில் கொஞ்சம் சாய்வாகக் கோடு போடுங்களேன் என்று கேட்டேன், போட்டார்.

கொடி இன்னொரு பாடு. விடியலில் காற்று கிடையாது, ஈரத்தில் நனைந்த கோவணம் மாதிரி தொங்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா, மாலை கட்டுகிற மெல்லிய கம்பியைக் கொடியின் மேல் ஓரத்து மடிப்புக்குள் செருகி விரித்து வைத்தேன். முகூர்த்தப் புடவை மடிப்புக்கு ஊக்குக் குத்திவிடுகிற ஆளுக்கு இது பெரிய விஷயமா? கேடி பெரியவர் பார்த்துவிட்டு, காத்து வாங்க ஆள் வெச்சிருக்கியே சார் என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

பச்சையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மனசு ஆறாது. பெர்முடா புல் என்று அங்கே பெருமையாகச் சொல்வது வேறொன்றும் இல்லை, பிள்ளையாருக்குப் போடும் நம் அருகம்புல்லும் அதன் கலப்பினப் பிள்ளைகளும். வரப்பில் தாத்தா வேரோடு பிடுங்கி எறிந்த புல்லுக்கு இங்கே ஏழெட்டுப் பேர் சேவகம் செய்கிறார்கள். அது நிஜத்தில் ஒரே பச்சை இல்லை, மஞ்சள், நீலம், பழுப்பு எல்லாம் கலந்தது, காலை வெயில் வேறு மஞ்சளைக் கூட்டும். கல்யாண ஆல்பத்துக்கு வண்ணத்தை ஏற்றிப் பழகிய கை சும்மா இருக்காது, இரண்டு புள்ளி தள்ளினால் கிளிப்பச்சை, நாலு புள்ளி தள்ளினால் பிளாஸ்டிக் துளசி. போலரைசர் என்ற ஃபில்டரை லென்ஸில் மாட்டினால் புல்லின் பளபளப்பு அடங்கிப் பச்சை தானாகக் கெட்டிப்படும், அதுவே போதும். ஆனால் குளமுள்ள குழிகளில் அதே ஃபில்டர் தண்ணீரில் விழுந்த மரத்தின் பிம்பத்தைத் துடைத்து எடுத்துவிடும். 9ஆம் குழியில் அப்படி ஒரு நல்ல விடியலைத் தொலைத்தேன்.

12ஆம் குழியின் ஓரத்தில் ஒரு காய்ந்த திட்டு இருந்தது. கம்ப்யூட்டரில் பச்சையாக்கிவிடலாமே என்று குடியாத்தத்து சார் கேட்டார். நான் தயங்கினேன். மைதானத்துக்கு இத்தனை தண்ணீர் ஊற்றுகிறார்களே என்ற உறுத்தல் முதல் நாளிலிருந்தே இருந்தது, சுத்திகரித்த கழிவுநீர்தான் என்று கேடி சொன்ன பிறகு கொஞ்சம் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. கோடையில் குடத்தோடு லாரிக்கு நின்ற ஊரிலிருந்து வருகிறவனுக்கு அவ்வளவு சீக்கிரம் போகாது. அந்தத் திட்டை அப்படியே விட்டேன். பழுப்பு பக்கத்தில் இருப்பதால்தான் பச்சை பச்சையாகத் தெரிகிறது சார் என்று தொழில் காரணம் சொன்னேன், அதுவும் பொய்யில்லை. அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, இருக்கட்டும் தம்பி என்றார்.

ஐந்து நாள் புரட்டாசி விடியலிலும் மாலையிலும் 17 குழிகள் முடிந்தன. லேப்டாப்பைத் திருப்பியபோது அவர் ஒன்றும் பேசவில்லை. 5ஆம் குழிப் படத்தில் கிரீனின் இடது தோளைத் தொட்டு, "இங்கதான் எனக்குப் பந்து எப்பவும் உருண்டு ஓடிடும்" என்றார். எனக்கு அது போதும்.

பாக்கி இருப்பது 14ஆம் குழி. அது வடகிழக்கே பார்த்து ஓடுகிறது, இடது பக்கம் பெரிய தைல மரங்கள். ஆடியில் சூரியன் வடகிழக்குப் பக்கமாக எழுந்து லென்ஸுக்குள் நேராகக் குத்தும். புரட்டாசியில் கிழக்கே வந்தும் போதவில்லை, முகத்தில் அரைகுறையாகத்தான் அடித்தது. மாலையில் இடப் பக்கத்து மரங்களின் நிழல் ஃபேர்வேயை மூடிவிடும். நம் ஊரில் ஜூனுக்கும் டிசம்பருக்கும் இடையில் உதயம் அடிவானத்தில் 48 டிகிரி நகர்கிறது. டிசம்பர் கடைசியில் தென்கிழக்கில், வடக்கிலிருந்து எண்ணினால் 114 டிகிரியில் எழும். அப்போது வெளிச்சம் வலது பக்கத்திலிருந்து ஃபேர்வேக்குக் குறுக்கே படுக்கும், அங்கே மூன்று முதுகுகள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன, கேடி காட்டினார், குத்துக்காலிட்டால் மட்டும் தெரிகிற முதுகுகள்.

டிசம்பர் கடைசி என்றால் மார்கழி. மார்கழியில் எனக்கு எந்த வேலையும் கிடையாது. ஏணியை நண்பர் இரண்டு முறை திருப்பிக் கேட்டுவிட்டார், தை முகூர்த்தத்துக்குள் தந்துவிடுகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நேற்று ராத்திரி கேடி பெரியவர் போன் செய்தார், மேலே பனி இறங்க ஆரம்பித்துவிட்டதாம், காலை 7 மணிவரை கொடியே தெரிவதில்லையாம், கம்பியை மறக்காம எடுத்து வா சார் என்றார்.